பழைய லேப்டாப், லினக்ஸ் மின்ட், ஓடிடி: எந்த பிரவுசரில் படம் ஓடுகிறது?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் உள்ள லேப்டாப்பில் ஓடிடி பார்க்க ஃபயர்ஃபாக்ஸே போதும், ஒரே ஒரு செட்டிங்கை மாற்றினால். துணைக்குக் கூகுள் குரோம் ஒன்று இருக்கட்டும், சில தளங்களுக்கு அது தேவைப்படும். குரோமுக்கு அடிப்படையான திறந்த மூலப் பிரவுசர் குரோமியம், அது இந்த வேலைக்கு ஆகாது. பிரேவ், விவால்டி என்ற பிரவுசர்கள் இரண்டும் ஓட்டும், ஆனால் வீட்டில் பெரியவர்கள் பயன்படுத்தும் லேப்டாப்பில் அவற்றைப் போட நான் யோசிப்பேன். அப்புறம், எந்தத் தளமாக இருந்தாலும் எடுத்தவுடன் வருஷச் சந்தா கட்டாதீர்கள். ஒரு மாதம் கட்டி, உங்கள் லேப்டாப்பில், உங்கள் வீட்டு நெட்டில் படம் எந்தத் தரத்தில் வருகிறது என்று பார்த்துவிட்டு மேற்கொண்டு யோசியுங்கள்.

இதை விவரமாக எழுதக் காரணம் இருக்கிறது. எங்கள் திருவாரூர் பக்கமும் சரி, மன்னார்குடி, மயிலாடுதுறை, கும்பகோணம் என்று எங்கே போனாலும் சரி, பல வீடுகளில் ஒரு பழைய லேப்டாப் அலமாரியில் கிடக்கிறது. 2011-இல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் பிள்ளைகளுக்கு வந்தவை கொஞ்சம், அதற்குப் பிறகு காலேஜுக்கு என்று வாங்கியவை மிச்சம். அரசு கொடுத்த லேப்டாப்பில் விண்டோஸோடு சேர்த்து, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் போட்டே கொடுத்தார்கள் என்பது பலருக்கு நினைவில்கூட இல்லை. இப்போது விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 இந்தப் பழைய லேப்டாப்களை ஏற்பதில்லை. அதனால் தெரிந்தவர்கள், சொந்தக்காரர்கள் என்று கேட்பவர்களுக்கெல்லாம் லினக்ஸ் மின்ட் 22 போட்டுக் கொடுக்கிறேன். 2029 வரை அப்டேட் வரும், பிரின்டர் ஓடுகிறது, தமிழ் தட்டச்சு ஓடுகிறது, பேங்க் வேலை நடக்கிறது. ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படம் பார்க்க உட்கார்ந்தால் மட்டும் கறுப்புத் திரை, நடுவில் “உங்கள் பிரவுசர் ஆதரிக்கப்படவில்லை” என்று ஒரு வரி. ரிட்டயர்டு ஆசிரியர் ஒருவர் போன் செய்து, “தம்பி, லினக்ஸ்ல படமே வராதாமே, கடையில சொல்றாங்க, பழையபடி விண்டோஸே போட்டுக் குடுத்துடுப்பா” என்றார். கடையில் சொன்னது உண்மை இல்லை. நன்றாக ஓடும் லேப்டாப்பை அந்த ஒரு பேச்சுக்காகத் திரும்பப் பாதுகாப்பு இல்லாத விண்டோஸுக்குக் கொண்டுபோவது எனக்கு மனசு ஒப்பவில்லை.

என்ன நடக்கிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். காசு வாங்கும் தளங்கள் படத்தை அப்படியே அனுப்புவதில்லை, பூட்டி அனுப்புகின்றன, திறக்கும் சாவி பிரவுசருக்குள் இருக்கும் ஒரு சின்ன மென்பொருளிடம் மட்டும்தான் இருக்கும். டிஆர்எம் என்று சொல்வது இதைத்தான். ஆப்பிள் சஃபாரிக்கு ஃபேர்பிளே, மைக்ரோசாஃப்டுக்கு பிளேரெடி, மற்ற எல்லாவற்றுக்கும் கூகுளின் வைட்வைன். வைட்வைன் தனி நிறுவனமாக இருந்தது, 2010-இல் கூகுள் வாங்கியது. லினக்ஸில் நமக்குக் கிடைப்பது வைட்வைன் மட்டும்தான். பிரவுசரும் இந்தப் பூட்டும் பேசிக்கொள்ளும் முறையை 2017 செப்டம்பரில், இணையத்துக்கான தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு இணையத் தரமாகவே அறிவித்தது, அதை எதிர்த்து டிஜிட்டல் உரிமைகளுக்காகப் போராடும் இஎஃப்எஃப் அமைப்பு அன்றைக்கே அங்கிருந்து விலகியது. அந்தச் சண்டையில் நான் இஎஃப்எஃப் பக்கம்தான். ஆனாலும் தெருவில் உள்ளவர்களுக்குப் படம் ஓட வேண்டும், அதனால் இருக்கிற நிலைமைக்குள் என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

ஃபயர்ஃபாக்ஸ். மின்ட்டில் இது கூடவே வருகிறது, மோசில்லா தரும் வடிவத்திலேயே வருகிறது, அப்டேட்டும் மின்ட்டின் அப்டேட் மேனேஜரிலேயே வந்துவிடும். லினக்ஸ் ஃபயர்ஃபாக்ஸுக்கு வைட்வைன் வந்தது 2016-இல், 49-ஆம் பதிப்பில். ஆனால் விண்டோஸில் இருப்பதுபோல இங்கே அது முதலிலிருந்தே இயங்குவதில்லை, நாம் அனுமதி கொடுக்க வேண்டும். செட்டிங்ஸில் ஜெனரல் பக்கத்தில் கொஞ்சம் கீழே இறங்கினால் ‘டிஆர்எம் கட்டுப்பாடு உள்ளவற்றை இயக்கு’ என்ற பொருளில் ஒரு கட்டம் இருக்கும், அதில் டிக் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். சில நேரம் தளத்தைத் திறந்தவுடன் மேலே ஒரு மஞ்சள் பட்டை வந்து டிஆர்எம்-ஐ இயக்கவா என்று கேட்கும், பெரும்பாலானவர்கள் அதை விளம்பரம் என்று நினைத்து மூடிவிடுகிறார்கள், மூடியவுடன் கறுப்புத் திரை வந்துவிடுகிறது. டிக் அடித்தவுடனே படம் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். பின்னால் வைட்வைன் டவுன்லோடு ஆக வேண்டும், நெட் மெதுவாக இருந்தால் அதற்கே கொஞ்சம் நேரம் பிடிக்கும். ஆட்-ஆன்கள் பக்கத்தில் பிளகின்ஸ் என்று ஒரு பிரிவு இருக்கிறது, அங்கே வைட்வைன் பெயரும் பதிப்பு எண்ணும் வந்துவிட்டதா என்று பாருங்கள், வந்த பிறகு பிரவுசரை மூடித் திறங்கள். இதைச் செய்தபோது நான் கை வைத்த லேப்டாப்களில் பெரும்பாலானவற்றில் படம் ஓடிவிட்டது.

அதிலும் ஓடவில்லை என்றால் அடுத்து நான் பார்ப்பது முகவரிப் பட்டையின் இடது பக்கத்தில் இருக்கும் கேடயம். ஃபயர்ஃபாக்ஸின் கண்காணிப்புத் தடுப்பு சில தளங்களின் பிளேயரையே நிறுத்திவிடுகிறது, அந்தத் தளத்துக்கு மட்டும் அதை அணைத்துவிடலாம். விளம்பரத் தடுப்பானுக்கும் இதே கதைதான். இவை இரண்டும் நல்ல விஷயங்கள், மொத்தமாக நீக்கச் சொல்லவில்லை, சந்தேகம் தீரும் வரை அந்த ஒரு தளத்தில் நிறுத்திப் பாருங்கள் என்கிறேன். இன்னொன்று, தளத்தைக் குறை சொல்வதற்கு முன்னால் உங்கள் பிரவுசரில் பூட்டு திறக்கிறதா என்பதைத் தனியாகச் சோதிக்க முடியும். பிட்மூவின் என்ற நிறுவனம் இலவசமாக ஒரு டிஆர்எம் சோதனைப் பக்கம் வைத்திருக்கிறது, லாகின் எதுவும் தேவையில்லை. அங்கே வீடியோ ஓடி, சந்தா கட்டிய தளத்தில் ஓடவில்லை என்றால் உங்கள் பக்கம் வைட்வைன் சரியாக இருக்கிறது, தடை அந்தத் தளத்தில். நெட்ஃபிளிக்ஸ் மாதிரித் தளங்கள் பிழை எண் காட்டும். 7701-1003 என்று முடிந்தால் வைட்வைன் இல்லை அல்லது வேலை செய்யவில்லை என்று அர்த்தம், வேறு எதையும் தேடி அலைய வேண்டாம்.

கூகுள் குரோமில் இந்தத் தலைவலியே இல்லை. கூகுள் தளத்திலிருந்து டெப் என்ற இன்ஸ்டால் கோப்பை இறக்கி இரண்டு முறை சொடுக்கினால் இன்ஸ்டால் ஆகிவிடும், வைட்வைன் உள்ளேயே இருக்கும், அப்டேட் வரும் வழியையும் அதுவே அமைத்துக்கொள்ளும். 2014-இல் நெட்ஃபிளிக்ஸ் லினக்ஸில் அதிகாரபூர்வமாக ஓட ஆரம்பித்ததே குரோமில்தான். அதற்கு முன்பு வைன், சில்வர்லைட், பைப்லைட் என்று எதை எதையோ கட்டி ஓட்டிக்கொண்டிருந்தோம். ஓடுமா என்ற ஒரே கேள்விக்கு மதிப்பெண் போட்டால் குரோமுக்குத்தான் முதலிடம். எனக்கு அது இரண்டாவதாக இருக்கக் காரணம் வேறு. ராம் குறைவான லேப்டாப்பில் நாலு டேப் திறந்தாலே மூச்சு வாங்குகிறது, கூடவே நம்முடைய பார்வைப் பழக்கம் மொத்தமும் விளம்பரம் விற்கும் நிறுவனத்திடம் போகிறது. அதனால் நான் போட்டுக் கொடுக்கும் லேப்டாப்களில் குரோமை ‘படம்’ என்று பெயர் மாற்றிய ஐகானாக டெஸ்க்டாப்பில் வைத்துவிடுகிறேன். மெயில், பேங்க் எல்லாம் ஃபயர்ஃபாக்ஸில், அடம் பிடிக்கும் தளம் மட்டும் இதில். ஒன்று கவனியுங்கள், 32-பிட் லினக்ஸுக்கு குரோமை 2016-லேயே நிறுத்திவிட்டார்கள், ஃபயர்ஃபாக்ஸும் 2025-இல் 145-ஆம் பதிப்பிலிருந்து நிறுத்திவிட்டது. உங்கள் லேப்டாப் 64-பிட்டா என்று பார்த்து, 64-பிட் மின்ட்டையே போடுங்கள்.

குரோமியத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஐகான் குரோம் மாதிரியே, நிறம் மட்டும் நீலமாக இருப்பதால் சாஃப்ட்வேர் மேனேஜரில் தேடி அதைப் போட்டுவிட்டு, குரோம் போட்டும் ஓடவில்லை என்று சொல்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அதில் வைட்வைன் கிடையாது. குரோமின் கோப்புறையிலிருந்து வைட்வைனை எடுத்து இதற்குள் வைத்து ஓட்டலாம், செய்தும் பார்த்திருக்கிறேன், ஓடுகிறது; ஆனால் பழைய வைட்வைன் பதிப்புகளைக் கூகுள் அவ்வப்போது செல்லாததாக்கிவிடும், கையால் வைத்தது தானாக அப்டேட் ஆகாது, ஒரு நாள் காரணமே தெரியாமல் நின்றுவிடும். தினமும் பயன்படுத்துபவருக்கு இதைச் செய்து கொடுக்கக் கூடாது.

பிரேவ் முதல் தடவை டிஆர்எம் தளத்துக்குப் போனவுடன் வைட்வைனைப் போடட்டுமா என்று கேட்கும், சரி என்று சொல்லி மூடித் திறந்தால் ஓடும். விளம்பரத் தொல்லை இல்லாதது பெரிய நிம்மதி. ஆனால் சிங்கம் போட்ட அந்தப் பொத்தானைத் தளத்துக்குத் தளம் ஏற்றி இறக்க வேண்டியிருக்கிறது, அம்மா அப்பாவிடம் போனில் இதை விளக்குவது கஷ்டம். விவால்டி நன்றாக ஓடுகிறது, பழைய லேப்டாப்புக்குக் கொஞ்சம் கனம். மைக்ரோசாஃப்டின் எட்ஜ் பிரவுசரும் லினக்ஸுக்கு இருக்கிறது, 2021 முதல். விண்டோஸ் எட்ஜில் 4கே வருகிறதே, இதிலும் வரும் என்று நினைத்துப் போடுகிறார்கள். வராது, அந்த 4கே பிளேரெடியால் வருவது, லினக்ஸ் எட்ஜில் பிளேரெடி இல்லை.

இப்போது எனக்குக் கோபம் வரும் இடத்துக்கு வருகிறேன். படம் ஓடுவது ஒன்று, எந்தத் தரத்தில் ஓடுகிறது என்பது வேறு. வைட்வைனில் எல்1, எல்2, எல்3 என்று மூன்று நிலைகள். எல்1 என்றால் பூட்டைத் திறப்பதும் படத்தை விரிப்பதும் சிப்புக்குள் பாதுகாப்பான ஒரு பகுதியில் நடக்கும். டிவி, நல்ல போன்களில் இருப்பது அது. லினக்ஸ் பிரவுசரில் இருப்பது எல்3, எல்லாமே மென்பொருளில். போதாததற்கு, படம் போகும் பாதையில் யாரும் கை வைக்கவில்லை என்று பிரவுசர் சான்று காட்டும் விஎம்பி என்ற ஏற்பாடு ஒன்று விண்டோஸிலும் மேக்கிலும் இருக்கிறது, லினக்ஸில் இல்லை. 2019 நவம்பரில் அமெரிக்காவில் டிஸ்னி பிளஸ் தொடங்கியபோது லினக்ஸ்காரர்கள் எல்லோருக்கும் பிழை எண் 83 வந்ததற்குக் காரணம் அவர்கள் கேட்ட பாதுகாப்பு நிலை லினக்ஸில் கிடையாது என்பதுதான். அப்புறம் அந்த நிபந்தனையைத் தளர்த்தினார்கள், ஓடியது. அதாவது திறப்பதும் மூடுவதும் தளத்தின் கையில் இருக்கிறது. லினக்ஸால் முடியாத காரியமாக இருந்திருந்தால் தளர்த்தியவுடன் எப்படி ஓடும்?

தளர்த்தாத இடங்களில் என்ன செய்கிறார்கள் என்றால், ஓட விடுகிறார்கள், தரத்தைக் குறைத்து. நான் பார்க்கும் தளங்களில் ஒன்று, பெயர் வேண்டாம், 480பி என்ற குறைந்த தரத்துக்கு மேல் ஏறவே இல்லை. அதே வீட்டு நெட்டில், அதே கணக்கில், போனில் போட்டால் கண்ணாடி மாதிரி வருகிறது. லேப்டாப்பின் பெரிய திரையில் முகங்கள் கலங்கித் தெரிகின்றன, இருட்டுக் காட்சி வந்தால் கட்டம் கட்டமாகப் பிரிகிறது. இரண்டுக்கும் கட்டணம் ஒன்றுதான். பணம் வாங்கும் பக்கத்தில் “எச்டி” என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள், லினக்ஸில் வராது என்ற தகவல் உதவிப் பக்கத்தில் எங்கேயோ ஒரு மூலையில் கிடக்கிறது, அதுவும் ஆங்கிலத்தில். நெட்ஃபிளிக்ஸில்கூடக் கம்ப்யூட்டரில் 4கே வேண்டும் என்றால் விண்டோஸோ மேக்கோதான் வேண்டும், ஆனால் அதை அவர்களுடைய உதவிப் பக்கத்தில் பிரவுசர் வாரியாக எழுதியாவது வைத்திருக்கிறார்கள். லினக்ஸுக்கு முழுத் தரம் கொடுக்க விருப்பமில்லை என்றால் அது அவர்கள் முடிவு; காசு வாங்குவதற்கு முன்னால் அதைச் சொல்ல வேண்டியது கடமை. குறுவைக்கும் சம்பாவுக்கும் நடுவில் கையில் இருக்கும் காசைப் பார்த்துச் செலவு செய்யும் குடும்பங்கள் இங்கே நிறைய, அவர்களிடம் வருஷச் சந்தா என்று மொத்தமாக வாங்கிக்கொண்டு அரைத் தரத்தில் படம் காட்டுவது நியாயமில்லை.

யூசர் ஏஜென்ட்டை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். பாதிதான் உண்மை. பிரவுசர் ஒவ்வொரு தளத்துக்கும் தன் பெயரையும் இயங்குதளத்தையும் சொல்லும். அதில் லினக்ஸ் என்ற பெயரைப் பார்த்தவுடன் உள்ளே விடாத தளங்கள் இருக்கின்றன, வேறு எந்தச் சோதனையும் செய்யாமல். அவற்றுக்கு ஒரு ஆட்-ஆன் போட்டு விண்டோஸ் குரோம் என்று சொல்ல வைத்தால் கதவு திறந்துவிடும், கிரிக்கெட் நேரலையை அப்படித்தான் ஒரு வீட்டில் ஓட வைத்தேன். ஆனால் உள்ளே போன பிறகு வைட்வைன் லைசென்ஸ் கேட்கும் இடத்தில் பெயரை மாற்றிப் பயனில்லை, அங்கே எல்3 என்பது தெரிந்துவிடும். தரமும் இதனால் ஏறாது. அந்த ஆட்-ஆனை ஒரு தளத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், எல்லாத் தளத்துக்கும் வைத்தால் வேறு இடங்களில் உடையும்.

யாரும் யோசிக்காத காரணம் ஒன்று உண்டு, கடிகாரம். பத்து வருஷத்துப் பழைய லேப்டாப்பில் உள்ளே இருக்கும் சின்னப் பட்டன் பேட்டரி செத்திருக்கும், மெயின் பேட்டரியும் போயிருக்கும், கரன்ட் போய் வந்தால் தேதி எங்கேயோ போய் நிற்கும். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் கரன்ட் போவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தேதி தப்பாக இருந்தால் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழையே பிரவுசர் நம்பாது, லைசென்ஸும் கிடைக்காது. விண்டோஸும் லினக்ஸும் ஒன்றாக இருக்கும் லேப்டாப்பில் நேரம் சரியாக ஐந்தரை மணி நேரம் தள்ளி நிற்கும், ஏனென்றால் விண்டோஸ் நம் ஊர் நேரத்தைக் கடிகாரத்தில் எழுதி வைக்கிறது, லினக்ஸ் அதை உலகப் பொது நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. மின்ட்டின் தேதி-நேர செட்டிங்கில் நெட்டிலிருந்து நேரம் எடுக்கும் வசதியை இயக்கிவிடுங்கள், பட்டன் பேட்டரியையும் மாற்றிவிடுங்கள், பெரிய செலவு இல்லை.

சூடு பற்றியும் சொல்ல வேண்டும். எல்3-இல் படத்தை விரிக்கும் வேலையை வைட்வைனே மென்பொருளில் செய்கிறது, கிராபிக்ஸ் சிப்பின் உதவி கிடைப்பதில்லை, அதனால் ப்ராசசர் முழுக்க உழைக்கும், ஃபேன் சத்தம் போடும். இது கோளாறு இல்லை. லேப்டாப்பை மெத்தை மேல் வைக்காதீர்கள், ஃபேனில் இருக்கும் தூசியைத் தட்டிவிட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். பூட்டு இல்லாத வீடியோவில் நிலைமை வேறு. ஃபயர்ஃபாக்ஸ் 115-லிருந்து இன்டெல் சிப் உள்ள லினக்ஸ் கம்ப்யூட்டரில் வீடியோ வேலையைச் சிப்பிடமே கொடுக்கிறது, ஆனால் யூடியூப் அனுப்பும் விபி9, ஏவி1 வடிவங்கள் பழைய சிப்புகளுக்குப் புரியாது. யூடியூபை எச்.264 வடிவத்தில் மட்டும் அனுப்ப வைக்கும் ஆட்-ஆன்கள் இருக்கின்றன, ஒன்றைப் போட்டுவிட்டால் போதும். திருவையாறு ஆராதனையின் பஞ்சரத்தினக் கீர்த்தனையை யூடியூபில் விட்டு விட்டுக் கேட்டுக்கொண்டிருந்த பாட்டி ஒருவருக்கு இதைப் போட்டுக் கொடுத்த பிறகுதான் ‘எந்தரோ மகானுபாவுலு’ இழுக்காமல் முழுசாக ஓடியது, “இப்பதான்டா தம்பி பாட்டு பாட்டா இருக்கு” என்றார். மின்ட் போடும்போது மல்டிமீடியா கோடெக் (பாட்டு, வீடியோ வடிவங்களைப் புரிந்துகொள்ள உதவும் மென்பொருள்) வேண்டுமா என்று ஒரு கட்டம் வரும், அதில் டிக் அடிக்க மறக்க வேண்டாம். அது இல்லை என்றால் டிஆர்எம் இல்லாத வீடியோவில்கூடச் சிலது ஓடாது.

இவ்வளவும் செய்து பார்த்தும் ஓடவில்லை என்றால் தளத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதுங்கள், சும்மா விட்டுவிடாதீர்கள். “லினக்ஸில் ஓடவில்லை” என்று மட்டும் எழுதினால் கேச்சை அழித்துப் பாருங்கள் என்று ஒரே பதில்தான் வரும். பிரவுசர் பெயரும் பதிப்பும், பிளகின்ஸ் பக்கத்தில் இருக்கும் வைட்வைன் பதிப்பு எண், மின்ட்டின் பதிப்பு, திரையில் வந்த பிழை எண், பிட்மூவின் சோதனைப் பக்கத்தில் வீடியோ ஓடியதா என்ற தகவல், இவற்றையெல்லாம் ஒரே மெயிலில் போடுங்கள். எந்தத் தரத்துக்குப் பணம் கட்டினீர்கள், எந்தத் தரம் வருகிறது என்பதையும் எழுதி, அது சந்தா வாங்கும் பக்கத்தில் எங்கே சொல்லப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். நான் அப்படி எழுதிய ஒரு தளம் மீதிச் சந்தாப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. 480பி மட்டும் இன்னும் அப்படியேதான் இருக்கிறது, அதற்கும் விடாமல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.